கப்பற்றுறையும் கைக்கூலியும்

முன்னுரை

இம்மலருக்கு நாம் எழுதுவதாக ஒப்புக்கொண்ட பொருள் வேறு. மட்டக்களப்பு வசந்தன் கூத்துப் பாடல்களிலே பயிலும் பழஞ்சொற்களைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதித் தருவதாக மலர்க்குழுவினர்க்கு வாக்களித்திருந்தோம். குறிப்புக்களும் மேசைமேல் ஆயத்தமாய் இருந்தன. அவ்வேளையிலே, எம்மிடம் தமிழ் படித்த பழைய மாணவன் ஒருவன், விடுமுறையில் ஊருக்கு வந்தவன், எம்மைக் காண வந்தான். அவன் இப்பொழுது சரக்குக் கப்பலொன்றிலே மூன்றாம் நிலை அதிகாரியாகப் பணிபுரிகின்றான். மாலை வேளையில் வாவிக்கரையில் அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்று அவன் கேட்ட கேள்வி ஒன்றுக்கு எம்மால் விடை கூற இயலவில்லை. அதன் பின்னர் வசந்தன் பாடலில் எமது மனம் செல்லவில்லை.

அவன் கூறியது இது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலே கப்பல் கட்டப்பட்டதும் அதிகாரிகள் நால்வர் மேலேறி வந்தனர். துறைமுகத்தின் பெயர் ஈண்டு வேண்டா. கப்பலின் பத்திரங்கள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. எனினும், மாலுமி ஒருவரின் தடுப்பூசிப் புத்தகத்திலே மருத்துவரின் கையொப்பம் தெளிவாக இல்லை என்று ஒருவர் குறை கண்டார். மறுநாள் வேறு மருத்துவர் வந்து பார்க்கும்வரை சரக்கிறக்கல் ஆகாது என்றார். கப்பற்றலைவர் எம் மாணவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தீர்வையற்ற பொருள்கள் பூட்டிவைக்கப்படும் அறைக்குச் சென்று, சிகரெட் பெட்டிகள் சிலவற்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான். அக்கணமே கையொப்பம் தெளிவாகிவிட்டது.

"ஐயா, எங்களுக்கு உரியதைத்தான் நாங்கள் கேட்டோம். முறைகேடாக ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் நான் கொடுத்தது இலஞ்சமா? நான் மறுத்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்?" என்று அவன் கேட்டான்.

"தம்பி, அது தவறுதான்" என்று ஓர் ஆசிரியர் எளிதிற் சொல்லிவிடலாம். ஆனால் எமக்கு நாவெழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் காணிப் பத்திரம் ஒன்றின் பிரதியைப் பெறுதற்காக, அலுவலகமொன்றின் வாசலிலே நின்ற இடையாள் ஒருவர் கையில் நாமும் சிறு தொகையொன்றை வைத்திருக்கின்றோம். இரண்டு நாளிலே பிரதி கிடைத்தது. அடுத்த நாள் வகுப்பிலே நடுவுநிலைமை அதிகாரத்தைப் படிப்பித்தோம். ஆகவே, இக்கட்டுரை பிறர்க்கு உபதேசம் செய்வதன்று. அம்மாணவன் கேள்விக்கு விடைதேடி நாம் கற்றவற்றின் தொகுப்பே இது. எமது கல்லூரியின் பழைய மாணவர்கள் கப்பல்களிலும் சுங்கத்திலும் சரக்கு முகவர் அலுவலகங்களிலும் கடமையாற்றுகின்றனர். இன்று படிப்போர் பலரும் அத்துறைகளை நாடிச் செல்வர். அவர்கள் யாவர்க்கும் இது உரியது.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியர் ஆதலின் முதலிற் சொல்லை நோக்குவோம். பெரியோரைக் காணச் செல்வோர் கொண்டுசெல்லும் காணிக்கையைப் பண்டைத் தமிழர் கையுறை என்றனர். அகப்பாடல்களிலே தலைவன் தோழியின் உதவியை நாடித் தழையும் பூவும் கையுறையாகக் கொண்டுவருவான். தோழி அதனை ஏலாது மறுப்பாள். கையுறை மறுத்தல் என்பது தனித் துறையாகவே வகுக்கப்பட்டுள்ளது. கொடுப்பதற்கு மாத்திரமன்றி, மறுப்பதற்கும் நம் இலக்கியத்தில் ஒரு மரபு உண்டு என்பது கருதற்பாலது. இன்று கையுறை என்றால் கையை மூடும் உறை என்றே பிள்ளைகள் பொருள் கொள்வர்.

பரிதானம், இலஞ்சம் என்பன வடமொழி வழியாக வந்தவை. கைக்கூலி, கையூட்டு என்பன தமிழ்ச் சொற்கள். பேச்சு வழக்கிலோ இவை ஒன்றும் வருவதில்லை. "சந்தோசமாக ஏதும் கொடுங்கள்" என்றே கேட்கப்படுகின்றது. கொடுப்பவர்க்கு அதிற் சந்தோசம் ஏதும் இல்லை என்பதை இருவரும் அறிவர்.

கப்பற்றொழிலார் இருவகைக் கொடுப்பனவுகளைப் பிரித்துப் பேசுவர். உரிமையில்லாத ஒன்றைப் பெறுதற்காகக் கொடுப்பது ஒருவகை. தீர்வையைக் குறைத்து மதிப்பிடச் செய்வதும், தடைசெய்யப்பட்ட சரக்கைக் கண்டுங் காணாமல் விடச் செய்வதும் அதன்பாற்படும். ஏற்கெனவே உரிமையுள்ள ஒன்றைத் தடையின்றியோ விரைவாகவோ பெறுதற்காகக் கொடுப்பது மற்றொரு வகை. இதனை வசதிக் கொடுப்பனவு எனலாம். எம் மாணவன் கொடுத்த சிகரெட் பெட்டிகள் இவ்வகையின. நாம் இடையாளிடம் கொடுத்த பணமும் இவ்வகையினதே. இது சிறியது, வழக்கமானது, யாருக்கும் தீங்கில்லாதது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரிதானா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முறை தவறிய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்தி வழிமறிக்கும் கள்வன் கேட்பதற்கு ஒப்பிட்டுக் கொடுங்கோன்மை அதிகாரத்திலே கூறுகின்றார் வள்ளுவர். அவ்வுவமையைக் கொண்டு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வசதிக் கொடுப்பனவு என்பது கொடுப்பவர் விரும்பி அளிக்கும் கொடையன்று. அதிகாரத்தை வேலாகப் பிடித்துப் பறிக்கும் பொருள். வேலின் இடத்திலே முத்திரைக் கட்டை இருக்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

கப்பல் ஏன் எளிதில் அகப்படுகின்றது

கைக்கூலி எல்லாத் துறைகளிலும் உண்டு. எனினும் கப்பற்றுறையிலே அது வேரூன்றியமைக்குச் சிறப்பான காரணங்கள் நான்கு உள.

முதலாவது காலம். பெரிய சரக்குக் கப்பலொன்றின் ஒருநாள் வாடகை பல்லாயிரம் டொலராகும். அதனோடு ஒப்பிடுமிடத்து அதிகாரி கேட்கும் சிகரெட் பெட்டியின் விலை ஒன்றுமேயில்லை. அதிகாரி விற்பது தமது அலுவலையன்று. கப்பலின் காலத்தையே அவர் அக்கப்பலுக்கு விற்கின்றார்.

இரண்டாவது தனிமை. கப்பற்றலைவர் அந்நாட்டின் மொழியை அறியார், சட்டத்தை அறியார், ஓரிரு நாளில் அகன்று போகும் அந்நியர். முறையிடச் சென்றால் யாரிடம் செல்வது என்பதும் அவர்க்குத் தெரியாது. அடுத்த முறை அதே துறைமுகத்துக்கு வரவேண்டுமே என்ற அச்சமும் உண்டு.

மூன்றாவது, அதிகாரியின் தனித் தீர்மானம். களஞ்சிய அறை சுத்தமா, கையொப்பம் தெளிவா, பொருட்பட்டியலில் உள்ள எண்ணிக்கை சரியா என்பவற்றை ஒருவரே பார்த்து, ஒருவரே முடிவு கூறுகின்றார். மறுபரிசீலனைக்கு இடமில்லாதவிடத்து அவர் வாயிற் பிறப்பதே சட்டமாகின்றது.

நான்காவது மறைவு. சிகரெட்டும் மதுவும் கப்பற் செலவிலே கரைந்துவிடும். பணமாகக் கொடுக்கப்பட்டதோ துறைமுக முகவரின் கணக்கிலே படகுக் கூலி என்றும் சில்லறைச் செலவு என்றும் வேறு பெயர் பூண்டு நிற்கும். கணக்கிலே பெயரில்லாத குற்றத்தைக் கண்டுபிடிப்பார் யார்?

முன்னோர் கண்ட வழி

துறைமுகத்திலே அதிகாரம் தவறாகப் பயன்படும் என்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலையைக் காட்டுகின்றது. அரசனுடைய பொருளைக் காப்போர் ஓய்வின்றிச் சுங்கம் கொள்கின்றனர். பொதிகளின்மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்படுகின்றது. முத்திரை பொறித்தலின் கருத்து யாது? இப்பொதிக்குரிய கடன் தீர்ந்தது, இனி எவரும் இதன்மேல் ஒன்றும் கேட்கலாகாது என்பதும் அதனுள் அடங்கும். அந்நூல் வணிகரைப் பற்றிக் கூறுமிடத்தும், மிகுதியாகக் கொள்ளாமையையும் குறைத்துக் கொடாமையையுமே அவர்தம் சிறப்பாகக் கூறுகின்றது.

நம் நாட்டிலேயே இன்னும் தெளிவான சான்று உண்டு. யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நயினாதீவிலே, நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறுவது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டு அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் பாதுகாக்கப்படல் வேண்டும் என்கின்றது அக்கல்வெட்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கைப் பண்டாரத்துக்கு எடுத்து, மற்றை மூன்று பங்கையும் உடையவனுக்கு விடல் வேண்டும். வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

பங்கு சிறிதா பெரிதா என்பது இங்கு வினாவன்று. அரசன் சிங்கள நாட்டு வேந்தன். ஆணையோ தமிழிலே வெட்டப்பட்டுள்ளது. அத்துறைக்கு வந்துபோவோர் படித்தறியக்கூடிய மொழியிலே, யாவரும் காணுமாறு, கொள்ளத்தக்கது இவ்வளவு என்று கல்லிலே எழுதினான். எழுதியபின் கரையில் நிற்கும் அதிகாரி மேலும் ஒரு காசு கேட்டால், வணிகன் கல்லைக் காட்டலாம். 13ஆம் நூற்றாண்டிலே ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய அரசன் கணபதிதேவன் வெட்டுவித்த கல்வெட்டும் இத்தகையது. கரையொதுங்கிய கப்பல்களின் பொருளை முன்னைய அரசர் முழுவதும் கவர்ந்தனர் என்றும், தான் குறித்த சுங்கமொன்றே கொள்வதாகவும் அவன் அதிலே உறுதி கூறுகின்றான்.

எழுதிய சட்டம் இருந்தும் காவலில்லையேல் யாது நேரும் என்பதற்கு நம் மட்டக்களப்பே சாட்சி. 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கடற்றலைவன் ஸ்பில்பேர்கன் வந்திறங்கியது இக்கரையிலேதான். 1638ஆம் ஆண்டு ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிப் புளியந்தீவிலுள்ள போர்த்துக்கேயர் கோட்டையைக் கைப்பற்றினர். நெடுங்காலம் கச்சேரி இயங்கிய அக்கோட்டையை நாம் யாவரும் அறிவோம். அதனை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் காலத்திலே உலகின் மிகப் பெரிய வணிக நிறுவனம். ஆனால் அது தன் ஊழியர்க்குச் சிறு சம்பளமே கொடுத்தது. அவர்கள் களவாகத் தனி வணிகம் செய்தும், கைக்கூலி கொண்டும் தம் வீட்டை நிரப்பினர். போரும் கடனும் சேர, 1799ஆம் ஆண்டுடன் கம்பனி ஒழிந்தது. அதன் பெயரின் முதலெழுத்துக்கள் மூன்றுக்கும் 'ஊழலால் அழிந்தது' என்று பொருள் கற்பித்து ஒல்லாந்தரே நகைப்பதுண்டு.

சிறு கொடை பெருங்கேடாதல்

சிறிய கொடுப்பனவு சிறியதாகவே நின்றுவிடும் என்பது மயக்கம். அண்மைக் காலத்து வழக்கொன்று இதனை விளக்கும். மலேசியாவைச் சேர்ந்த லெனாட் கிளென் பிரான்சிஸ் என்பவர் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு, துறைமுகங்களுக்கு வரும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்கு உணவு, நீர், இழுவைப் படகு, கழிவகற்றல் முதலிய சேவைகளை வழங்கி வந்தார். கடற்படை அதிகாரிகளுக்கு விருந்தும் விடுதி வசதியும் பரிசுப் பொருளும் பணமும் கொடுத்தார். உண்டவர்கள் நாளடைவிலே கப்பல்களின் மறைவான பயண விபரங்களை அவர்க்கு அளித்தனர். அவர் வசதிக்கேற்ற துறைமுகங்களுக்குக் கப்பல்களைத் திருப்பவும் துணைபுரிந்தனர். கடற்படையிடமிருந்து மிகையாகப் பெறப்பட்ட தொகை மூன்றரைக் கோடி டொலருக்குக் குறையாது. 2013ஆம் ஆண்டு அவர் கைதானார். 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022இல் வீட்டுக் காவலிலிருந்து தப்பியோடி, மீண்டும் பிடிபட்டு, 2024ஆம் ஆண்டு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உலகிலே வலிமை மிக்க கடற்படையை உள்ளே இருந்து அரித்தது பீரங்கியன்று, விருந்து.

சிகரெட் பெட்டிக்கும் அதற்கும் நெடுந்தூரம் என்று கூறலாம். தூரம் உண்டு, பாதை ஒன்றே. தெளிவான கையொப்பத்தைத் தெளிவற்றது என்று கூறி ஒருமுறை பொருள் பெற்றவர், தெளிவற்றதைத் தெளிவானது என்று கூறுதற்கும் பொருள் பெறுவர். அதன்பின் பழுதான உயிர்காப்புப் படகும், தவறாகப் பெயர் குறிக்கப்பட்ட அபாயச் சரக்கும் சோதனையில் தேறிவிடும். அப்போது ஆபத்து மாலுமியின் உயிருக்கே.

சட்டம் கூறுவது யாது

"இது இலஞ்சமா?" என்று மாணவன் கேட்டான் அன்றோ? இலங்கைச் சட்டத்தின் விடை ஐயத்துக்கு இடமற்றது. 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம், அரச ஊழியர் ஓர் அலுவலைச் செய்தற்காகக் கொடுப்பதையும், செய்யாதிருத்தற்காகக் கொடுப்பதையும் மாத்திரமன்றி, அதனை விரைவுபடுத்தற்காகக் கொடுப்பதையும் குற்றமாக்கியது. வாங்குபவர் போலவே கொடுப்பவரும் குற்றவாளி. 1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் விசாரணைக்கு நிரந்தர ஆணைக்குழுவை நிறுவியது. ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2004ஆம் ஆண்டு ஏற்றுறுதி செய்தது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றது. அது தனியார் துறையிலே நிகழும் இலஞ்சத்தையும் குற்றமாக்கி, தகவல் தருவோர்க்குப் பாதுகாப்பும் அளிக்கின்றது. ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 1954. முதற் சட்டம் பிறந்த ஆண்டே எண்ணாதலின் மாணவர் அதனை மறத்தற்கில்லை.

பிற நாட்டுச் சட்டங்கள் யாவும் ஒருபடித்தானவை அல்ல. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுத்தலைத் தடுக்கும் 1977ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலே, வழக்கமான அலுவலை விரைவுபடுத்தும் சிறு கொடுப்பனவுக்கு விலக்கு உண்டு. 2010ஆம் ஆண்டின் பிரித்தானிய இலஞ்சச் சட்டத்திலே அத்தகைய விலக்கு இல்லை. இந்தியாவோ தன் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018இல் திருத்தி, கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. ஆனால் வற்புறுத்தலாற் கொடுக்க நேர்ந்தவர் 7 நாளுக்குள் அதிகாரிகளுக்கு அறிவித்தால் அவரைக் குற்றவாளியாகக் கொள்வதில்லை. வலியவன் பறித்ததையும் கயவன் கொடுத்ததையும் வேறாகக் காணும் நுட்பம் அதிலே உண்டு.

ஒருவரால் ஆகாதது பலரால் ஆகும்

சட்டம் இவ்வளவு தெளிவாயின், கப்பற்றலைவர் மறுக்கலாமே? மறுக்கும் கப்பல் தண்டிக்கப்படுகின்றது. கொடுக்கும் கப்பல் அதனை முந்திச் செல்கின்றது. இதுவே சிக்கலின் முடிச்சு. தனியொருவர் நேர்மைக்குத் தனியாக விலை கொடுக்க வேண்டியிருக்கும்வரை, நேர்மை அருமையாகவே இருக்கும்.

இம்முடிச்சை அவிழ்க்கும் முயற்சி 2011ஆம் ஆண்டு தொடங்கியது. கப்பற் கம்பனிகள் சில ஒன்றுகூடிக் கடல்சார் ஊழல் எதிர்ப்பு வலையமைப்பை நிறுவின. இன்று அதிலே 200க்கு மேற்பட்ட அங்கத்தவர் உளர். அவர்கள் செய்த முதல் வேலை எளியது: எந்தத் துறைமுகத்திலே யார் எதனைக் கேட்டனர் என்பதை மாலுமிகள் தம் பெயர் குறிக்காது அறிவிப்பதற்கு ஓர் ஏட்டைத் திறந்தனர். பல்லாயிரம் அறிக்கைகள் சேர்ந்தன. அதுவரை ஒவ்வொரு கப்பலின் தனித் துயரமாக இருந்தது, எண்ணிக்கை உடைய உண்மையாக மாறிற்று. மறைவு என்னும் நான்காவது காரணம் இவ்வாறு உடைந்தது.

சூயஸ் கால்வாய் வழியே செல்வோர் சிகரெட் பெட்டிகளைச் சுமந்து செல்வது நெடுங்கால வழக்கம். அதனால் ஒரு சிகரெட்டின் பெயராலேயே அதனை மார்ல்பரோ கால்வாய் என்று மாலுமிகள் கேலியாக அழைத்தனர். 2015ஆம் ஆண்டு, வலையமைப்பைச் சேர்ந்த கம்பனிகள் 'இல்லை என்று சொல்வோம்' என்ற இயக்கத்தை அங்கு தொடங்கின. எல்லாக் கப்பல்களும் ஒரே விடையை, ஒரே சொல்லால் கூறுவதென்று தீர்மானித்தன. கேட்பவர்க்கு, "இந்தத் தலைவன் கஞ்சன்" என்று சினங்கொள்ள இடமில்லாது போயிற்று. மறுப்பது ஒருவரின் குணமாகத் தோன்றாது, யாவரின் விதியாயிற்று. கேள்விகளும் மிரட்டல்களும் பெரிதும் குறைந்தன என்று பங்குபற்றிய கம்பனிகள் அறிவித்தன.

ஆர்ஜென்டீனாவின் கதை மேலும் படிப்பினை தருவது. அங்கே தானியம் ஏற்றுமுன் கப்பலின் களஞ்சிய அறைகள் சுத்தமானவை என்று சோதகர் சான்று தரல் வேண்டும். ஒரு துளி துருவையோ பழைய தானியமணி ஒன்றையோ காட்டி அறையைத் தள்ளிவிடுவதாக மிரட்டிப் பணம் பெறுவது வழக்கமாயிருந்தது. தள்ளினால் மீண்டும் கழுவிக் காத்திருக்க நாட்கள் செல்லும். 2014 முதல் வலையமைப்பு அந்நாட்டு அரசுடனும் தொழிலாருடனும் கூடி ஆராய்ந்தது. 2017ஆம் ஆண்டு சோதனை விதிகளே மாற்றப்பட்டன. பதிவுபெற்ற தனியார் சோதகர் பார்ப்பர். முடிவு மின்பதிவிலே ஏறும். பிணக்கு நேர்ந்தால் மேலும் ஒருவர் பார்ப்பர். ஒருவர் சொல்லே முடிந்த சொல் என்னும் நிலை நீங்கிற்று. பணம் கேட்கப்பட்ட நிகழ்ச்சிகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்ததாக வலையமைப்பு அறிவித்தது. மனிதர் ஒரே இரவிலே நல்லவராகிவிடவில்லை. கெட்டவராக இருத்தற்குரிய வாய்ப்புக் குறைந்தது.

பத்திரங்களின் பெருக்கமும் கைக்கூலிக்கு வாயிலாகும். இதனை உணர்ந்தே 1965ஆம் ஆண்டின் சர்வதேசக் கடற்போக்குவரத்து வசதிச் சமவாயம், கப்பலிடம் கேட்கத்தக்க பத்திரங்களை வரையறுத்தது. பொது அறிக்கை, சரக்கு, கப்பற் பண்டம், மாலுமிகளின் உடைமை, மாலுமிப் பட்டியல், பயணிகள் பட்டியல், அபாயச் சரக்கு என ஏழு படிவங்கள் அதன்வழி வழக்கில் உள. அச்சமவாயத்தின் திருத்தப்படி, 2024ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம், அங்கத்துவ நாடுகளின் துறைமுகங்கள் இவ்விபரங்களை ஒரே மின்வாயில் மூலம் பெறுதல் கட்டாயமாயிற்று. கப்பல் கரைசேருமுன்னரே பத்திரம் கரைசேர்ந்துவிடும். மேசைக்கு இருபுறமும் முகம் நோக்கி அமரும் வேளை குறையக் குறைய, மேசைக்குக் கீழே கை நீளும் வேளையும் குறையும்.

மாணவனுக்கு எமது விடை

இத்தனையும் கற்றபின் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். அதன் சாரம் வருமாறு.

ஒன்று: நீ கொடுத்தது கைக்கூலியே. ஆயினும் அது உன் ஒருவன் குற்றமன்று; பறிக்கப்பட்டதும் ஆகும். இரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்.

இரண்டு: துறைமுகத்தை அடையுமுன்னரே ஆயத்தமாகு. பத்திரங்களிலே உண்மையான குறை ஏதும் இல்லாதவாறு நீயே பார்த்துக்கொள். தன் கடமையை முழுதும் செய்தவனுடைய மறுப்புக்கே வலிமை உண்டு.

மூன்று: கம்பனியின் கட்டளையை எழுத்திலே பெற்று, ஏணி ஏறி வருவோர் முதலிற் காணும் இடத்தில் ஒட்டு. பராக்கிரமபாகுவின் கல்லுக்கு இஃது ஈடாகும்.

நான்கு: கேட்கப்பட்டால் பணிவோடு மறு. "இக்கட்டணம் எந்த விதியின்கீழ்? பற்றுச்சீட்டுத் தருவீர்களா?" என்று கேள். முறையான கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு, முறையற்றதற்கு இல்லை. இதனினும் எளிய உரைகல் வேறில்லை.

ஐந்து: நாள், நேரம், கேட்டவர் பதவி, கேட்ட பொருள் யாவற்றையும் குறித்துக் கம்பனிக்கும் முகவருக்கும் அறிவி. குறித்து வையாத அநியாயம் நிகழாத அநியாயமாகிவிடும்.

ஆறு: உயிருக்கோ உடலுக்கோ அச்சுறுத்தல் நேருமிடத்து, கொடுத்து உயிரைக் காத்துக்கொள், உடனே அதை அறிவி. அஞ்சுவது அஞ்சுதல் அறிவுடைமை.

முடிவுரை

நம் வாவியின் முகத்துவாரத்தை நினைந்து பார்ப்போம். கடலலை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக மணலைக் கொணர்ந்து போடுகின்றது. ஒரு மணற்றுகளால் யாருக்குத் தீங்கு? ஆயினும் துகள் சேர்ந்து திடலாகி வாயை அடைத்துவிடுகின்றது. மாரியிலே வெள்ளம் வெளியேற வழியின்றிப் படுவான்கரை வயல்கள் மூழ்குகின்றன. அப்பொழுது முகத்துவாரம் வெட்டவேண்டும் என்று ஊரெல்லாம் குரல் எழுப்புகின்றது. மணலைச் சேர்த்தது துகள் துகளாக. வெட்டுவதோ பல கைகள் சேர்ந்து. கப்பற்றுறையிலே நேர்ந்ததும் இதுவே. நாம் தருவது ஒரு துகளே என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம்.

பழைய மாணவர்களே! உங்களுள் மேசைக்கு அப்புறம் அமர்ந்திருப்போர், உங்கள் அலுவலகத்தின் கட்டண விபரத்தை வாசலிலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். மேசைக்கு இப்புறம் நிற்போர், பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இளம் மாணவர்களே! நீங்கள் எந்தக் கரைக்குச் சென்றாலும், உங்களுக்கு முன் அங்கு மறுத்துச் சென்றவர் ஒருவர் உண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு நீங்கள் அவ்வொருவராக இருங்கள்.

எம் மாணவனிடமிருந்து அண்மையிலே விடை வந்தது. அதே துறைமுகத்துக்கு அவன் கப்பல் மீண்டும் சென்றது. கட்டளைத் தாள் ஏணியருகே ஒட்டப்பட்டிருந்தது. அவர்கள் மறுத்தனர். கப்பல் 6 மணி நேரம் காக்கவைக்கப்பட்டு, பின்னர் விடப்பட்டது. கப்பற்றலைவர் முகம் சுளித்தாராம். அடுத்த பயணத்தில் என்ன நேருமோ தெரியாது என்றும் எழுதியுள்ளான்.

நாமும் சென்ற மாதம் வேறொரு காணிப் பத்திரத்தின் பிரதிக்காக அதே அலுவலகத்துக்குச் சென்றோம். இடையாள் எம்மை அடையாளம் கண்டு சிரித்தார். நாம் அவரைக் கடந்து உள்ளே சென்று, விண்ணப்பத்தைக் கொடுத்து, கட்டணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டோம். முன்னர் 2 நாளிலே கிடைத்த பிரதி, இம்முறை 11 நாட்களின் பின் கிடைத்தது. அந்தப் பற்றுச்சீட்டை, எழுதாது விட்ட வசந்தன் பாடற் குறிப்புக்களோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கின்றோம்.